மரை வத்தலுக்குக் காத்திருந்த பதினொரு வீட்டாருக்கு

அன்புள்ள அண்ணைமாருக்கும் அக்காமாருக்கும், மாமிமாருக்கும், போன வருடம் இறைச்சி வந்த பிறகு திடீரென்று சொந்தமாகிப்போன மற்றவர்களுக்கும்,

இந்த வருடம் வத்தல் இல்லை. இது உங்களுக்கு ஒக்டோபரிலேயே தெரிந்த விஷயம்தான். ஆனால் ஏன் இல்லை என்பதற்கு நாலைந்து கதைகள் சுற்றுகின்றன. கோயில் கார்த் தரிப்பிடத்தில் ஒரு கதை, மரக்கறிக் கடை வாசலில் ஒரு கதை, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக இன்னொன்று. எல்லாக் கதையும் முடியும் இடம் ஒன்றுதான்: "பாவங்கள், இந்த முறை அவங்களுக்கு ராசியில்லை." பதினொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்த் தேத்தண்ணி குடித்துச் சொல்ல வேண்டியதை இப்படி ஒரே கடிதமாக எழுதுகிறேன். அந்த ராசி என்ற சொல்லை நான் வைத்துக்கொள்ள முடியாது. திருப்பித் தந்துவிட வேண்டும்.

பெப்ரவரிக் கடைசியில் பெட்டிகள் வரத் தொடங்கின. இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டிகள். மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் வீட்டுப் பெயர். சிலர் குறிப்பும் எழுதியிருந்தீர்கள்: "எலும்பு வேண்டாம்", "மிளகு கூட", "அம்மாவுக்குப் பல் இல்லை, மெல்லிசாய் வெட்டவும்". நான் கேட்டு வந்த பெட்டிகள் அல்ல. 2021இல் ஊர் முடக்கம் திறந்திருந்த இடைவெளிகளில் இரண்டே தடவைதான் மலைக்குப் போனோம். இரண்டு தடவையும் ஒவ்வொரு மரை விழுந்தது. அதுதான் எல்லோரையும் கெடுத்தது, முதலில் எங்களை.

விக்டோரியாவில் வேட்டையாடிய மான் இறைச்சியை விற்கக்கூடாது, சும்மா கொடுக்கலாம். ஆகவே காசு புழங்கவில்லை. ஒடியல் மா வந்தது, தேசிக்காய் ஊறுகாய் வந்தது, சாடியில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒன்று வந்தது. காசில் இருந்தால் கணக்கைத் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஊறுகாயில் இருக்கும் கணக்கை எப்படித் தீர்ப்பது?

சீசன் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "சீசன் முடிஞ்சுதோ?" என்று கேட்காத வீடில்லை. மரைக்குச் சட்டப்படி மூடிய காலம் கிடையாது. உரிமம் உள்ளவர் அரச காட்டில் நடந்து தேடிச் சுடுவதென்றால் வருடம் முழுக்கச் சுடலாம், எத்தனையும் சுடலாம். நாய்க்கூட்டம் விட்டுத் துரத்துபவர்களுக்குத்தான் ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நவம்பர் முடிய என்று கட்டுப்பாடு. எங்களைப் பொறுத்தவரை சீசன் என்பது இலையான் குறைந்த குளிர்காலம், ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை. கோடையில் சுட்டால் தோலை உரித்து முடிக்கமுன் இலையான் முட்டை வைத்துவிடும்.

ஈஸ்டருக்குப் போனோம். அரை மெல்பேணும் அங்கே வந்திருந்தது. ஆற்றோரம் முழுக்கக் கூடாரம், மோட்டார் சைக்கிள், ஜெனரேட்டர். இந்தச் சத்தத்துக்கெல்லாம் மரை ஊரைவிட்டு ஓடாது. பக்கத்து முட்புதருக்குள் படுத்து, எல்லோரும் கட்டிக்கொண்டு போகும்வரை அசைபோடும். நாங்கள்தான் மூன்று மலை ஏறி இறங்கினோம். ஜூனில், மகாராணியின் பிறந்தநாள் விடுமுறைக்குப் போனோம். அந்த மாதத் தொடக்கத்தில் மலையில் பெரும் பனி. பனிச்சறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம். எங்கள் யூட் வண்டி ஒரு சரிவில் பக்கவாட்டாய் வழுக்கி மரத்தில் சாய்ந்து நின்றது. அதை எடுக்க ஏழு மணித்தியாலம். துவக்குப் பெட்டியின் பூட்டைத் திறக்கவே இல்லை. ஜூலையில் போகவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும். கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல்தடாகத்தில் இறங்கிய மாதம். ஊரில் பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. மலையில் தொலைபேசி எடுக்காது. அக்காவின் அழைப்பு வராத இடத்தில் மூன்று நாள் இருக்க மனம் ஒப்பவில்லை.

ஓகஸ்ட் பயணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "இவ்வளவு பெரிய மிருகம், உங்களுக்குக் கண் தெரியாதோ?" என்று மாமி ஒருவர் கேட்டதற்கு அதில்தான் பதில் இருக்கிறது.

ஆண் மரை இருநூறு கிலோவைத் தாண்டும். அவ்வளவு உடம்பும் இருபது அடி தள்ளி ஒரு பன்னப் புதருக்குப் பின்னால் இல்லாமல் போய்விடும். மரை வேட்டையில் கண்ணுக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் காற்றுக்கு. காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடாகும்போது காற்று மேலே ஏறும். பின்னேரம் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்குள் இறங்கும். மரை அதைப் படித்துவிட்டுத்தான் படுக்கும். முகட்டுக்குச் சற்றுக் கீழே, முதுகுப் பக்கத்திலிருந்து வரும் காற்று மேட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல, முன்னால் பள்ளம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய. அதை நெருங்க வேண்டுமென்றால் காற்று உங்கள் முகத்தில் அடித்தபடியே இருக்க வேண்டும். இதைப் பார்க்கத்தான் ஒரு சின்னப் போத்தலில் முகப்பவுடர் கொண்டுபோவோம். அழுத்தினால் புகைபோலப் போகும், போகும் திசை தெரியும். ஓகஸ்டில் பவுடரை மறந்துவிட்டோம். சமையல் பொறுப்பிலிருந்த அண்ணையிடம் திருநீறு இருந்தது. அதைப் பாவித்தோம். (இதைத்தான் குற்றம் என்று ஒரு வீட்டில் சொன்னதாகக் கேள்வி. திருநீறு திசையைச் சரியாகவே காட்டியது.)

மூன்று மணித்தியாலம் ஒரே முகட்டில் அடிமேல் அடி வைத்துப் போனோம். காலையில் இட்ட புழுக்கை, ஈரம் காயாத சுவடு. பிறகு ஒரு மரம். தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் கிளைகள் முறிந்து தொங்கின. ஆண் மரை பின்னங்காலில் எழும்பி நின்று, மேலே உள்ள கிளைகளைக் கொம்பால் அடித்து நொறுக்கித் தன் வாசத்தைப் பூசும். இங்கத்தைய வேட்டைக்காரர் அதைப் பிரசங்க மரம் என்பார்கள். பாதிரியார் மேடையில் நின்று கையை வீசுவதைப்போல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முறிந்த இடத்தில் பால் இன்னும் கசிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வெயிலை மூடியது. சரிவு ஒரு நிமிடம் குளிர்ந்தது. பிடரியில் காற்று பட்டது. அவ்வளவுதான். இருபது அடி தூரத்தில் லொறி ஹோர்ன் அடித்தமாதிரி ஒரே சத்தம், "பாங்க்!" பிறகு தடி முறிகிற ஓசை, கல் உருள்கிற ஓசை, பிறகு ஒன்றுமில்லை. வாலைக்கூடப் பார்க்கவில்லை. கூட வந்த சின்னவன் பயத்தில் நிலத்தில் இருந்துவிட்டான். அந்த ஒரு மேகத்தை ராசி என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயணத்துக்கு அந்தச் சொல் பொருந்தும்.

இங்கே எங்கள் பெரியண்ணை சொல்லும் கதையையும் எழுதாவிட்டால் கோபிப்பார். ஒவ்வொரு பயணத்திலும், இரண்டாவது நாள் இரவு, நெருப்புக்கு முன்னால் அதைச் சொல்வார். இந்த மரை அவுஸ்திரேலியாவுக்கு உரியதல்ல. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து மெல்பேணுக்குத் தென்கிழக்கே விட்டார்கள். வெளிநாட்டு மிருகங்களைக் கொண்டுவந்து பழக்குவதற்கென்றே அன்று ஒரு சங்கம் இருந்தது. தங்கள் ஊரை நினைவூட்டும் எதையாவது சுட வேண்டும் என்பது துரைமாரின் ஆசை. நுவரெலியாவில் நாய்களோடும் கத்தியோடும் மரையைத் துரத்திய சாமுவேல் பேக்கர் காலத்திலேயே அதை "எல்க்" என்று பிழையாக அழைத்தவர்கள் அவர்கள். விட்ட மரைகள் சதுப்பைக் கடந்து, காட்டைக் கடந்து, மலை ஏறின. ஊரில் அதே மரை 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் ஹோட்டன் சமவெளியில் புல் மேய்ந்துகொண்டு சுற்றுலாப் பயணிகளின் கைகளைப் பார்த்து நிற்கிறது. இங்கே அதன் சந்ததி எங்கள் மூச்சுக்காற்று பட்டால் ஓடுகிறது. "அதுவும் கப்பலில் வந்தது, நாங்களும்" என்று பெரியண்ணை தொடங்குவார். "அண்ணை, நீங்கள் வந்தது சிங்கப்பூர் எயார்லைன்ஸில்" என்று சமையல் அண்ணை முடித்துவைப்பார். பதினொரு வீட்டில் திருநெல்வேலிக்காரர் வீடு ஒன்று இருக்கிறதே, அவர்கள் அதை மிளா என்கிறார்கள். சென்னைப் பக்கத்தார் கடமான் என்கிறார்கள். பெட்டியில் எந்தப் பெயர் எழுதினாலும் சட்டியில் ஒன்றுதான்.

இனிச் செப்டெம்பர்.

மகாராணி இறந்ததால் 22ஆம் திகதி வியாழக்கிழமை துக்க விடுமுறை வந்தது. வெள்ளிக்கிழமை இங்கே எப்படியும் காற்பந்து இறுதிப்போட்டிக்கு முந்தைய நாள் விடுமுறை. எதிர்பாராமல் நாலு நாள். மாமி ஒருவர் அழைத்து, "தம்பி, மாளய பட்சம் நடக்குது, வாற சனி புரட்டாதிச் சனி, ஞாயிறு அமாவாசை. இந்த நேரத்திலை துவக்கைத் தூக்கிக்கொண்டு போகாதை" என்றார். நான் சிரித்தேன். மாமி சொன்னது சரி என்று இப்போது சொல்லப்போவதில்லை. ஆனால் அமாவாசை இருட்டு வேறொரு விதத்தில் இந்தக் கதைக்குள் வரும்.

டார்கோவுக்கு மேலே, வொன்னங்காட்டா ஆற்றோரம் தங்கினோம். (எந்த வளைவில் என்று எழுதமாட்டேன், மன்னிக்கவும்.) மூன்றாவது வருடமாக லா நீனா மழை. ஆறு கலங்கிப் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. மலைத் தடங்கள் பலவற்றின் வாயிற்கம்பிகள் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்தன. மரை வேட்டையை எங்களுக்குப் பழக்கியவர் எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். மரம் அறுத்து ஓய்வு பெற்றவர். அவரும் வந்திருந்தார். சனிக்கிழமை பின்னேரம் அவர் வண்டிக்குள் இருந்து வானொலியில் இறுதிப்போட்டி கேட்டுக்கொண்டிருந்தார். ஜீலோங் அணி சிட்னியை 81 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கிய போட்டி அது. மலையில் இருந்த வேட்டைக்காரர் எல்லாம் டார்கோ மதுச்சாலையிலோ வானொலிக்கு முன்னாலோ இருப்பார்கள், காடு எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைத்தது பிழையில்லை.

ஐந்தரைக்கு ஒரு பாறைக்கு மேலே போய் இருந்தேன். எதிரே ஒரு பள்ளம், அதற்கு அப்பால் சரிவு, சரிவில் கறுப்புப் பெரிப் புதர். ஆறு மணி கழித்துச் சூரியன் இறங்கியது. தூறல் தொடங்கியது. அதன் பிறகு புதரின் விளிம்பில் ஒரு பெட்டை மரை வந்து நின்றது. கன்று இல்லை. பக்கவாட்டாக நின்றது. தூரம் பார்க்கும் கருவி 170 மீற்றர் என்றது. சட்டப்படி சூரியன் விழுந்து அரை மணித்தியாலம் வரை சுடலாம். ஒரு கால் மணித்தியாலம் இன்னும் இருந்தது.

எங்கள் ஆசானுக்கு ஒரு கட்டளை உண்டு. முதல் வருடமே சொன்னது: வெளிச்சம் போகிற நேரத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பதைச் சுடாதே. ரவை இமைப்பொழுதில் கடக்கிற தூரத்தை நீ நடக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும், அதற்குள் இருட்டிவிடும். அந்தக் கட்டளை எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அது நினைவிருந்த அதே நேரம் வேறொன்றும் நினைவிருந்தது. என் கராஜில், டீப் ஃபிரீசரின் மேல், மாஸ்கிங் டேப்போடு அடுக்கி வைத்திருந்த பதினொரு பெட்டிகள்.

சுட்டேன்.

மரை முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளிப் புதருக்குள் போனது. அந்த வளைவு என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நெஞ்சில் பட்டது முன்னால் பாய்ந்து ஓடும். வயிற்றுப் பக்கம் பட்டதுதான் கூனும்.

பாறையில் இருந்தபடியே எதிர்ச்சரிவில் ஒரு வெள்ளை மரத்தைக் குறி வைத்துக்கொண்டு, முகாமுக்குப் போய் மற்றவர்களைக் கூட்டினேன். துவக்குகளை அங்கேயே பூட்டி வைத்தோம். இரவில் துவக்கும் விளக்கும் ஒன்றாக மான் காட்டில் இருப்பது இங்கே குற்றம். நெற்றி விளக்கோடு, வெறுங்கையோடு பள்ளத்தில் இறங்கினோம். இறங்க முக்கால் மணித்தியாலம், ஏற இன்னொரு முக்கால். முள் கிழித்தது, அட்டை ஏறியது. புதரின் விளிம்பில் ஐந்தாறு துளி. நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், கிட்டத்திலேயே விழுந்து கிடக்கும். இது கறுத்த சிவப்பு. ஈரல், அல்லது அதற்கும் பின்னால். அப்படிப்பட்டதை உடனே பின்தொடரக்கூடாது. தொடர்ந்தால் எழும்பி எழும்பி மைல் கணக்கில் போகும். விட்டு வைத்தால் படுத்த இடத்தில் முடியும். எனவே திரும்பி வந்தோம். அதுவும் சரியான முடிவுதான். ஆனால் பத்து மணிக்கு மழை பிடித்தது. அமாவாசைக்கு முந்தின இரவு, கூடாரத்துக்கு வெளியே கையை நீட்டினால் கை தெரியாது. துணிக்கூரையில் மழை விழுவதைக் கேட்டபடி கிடந்தேன். இரத்தத்தை மழை எவ்வளவு நேரத்தில் கழுவும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் குழுவில் சமையல் அண்ணை துவக்கைத் தொடமாட்டார். ஏனென்று நான் கேட்டதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அன்று இரவு அவர் மட்டும் விழித்திருந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டார். நான் வெளியே வந்தபோது ஒரு கோப்பையை நீட்டிவிட்டு, "பெட்டையோ?" என்றார். ஓம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் தேடத் தொடங்கினோம். துளி ஒன்றும் மிஞ்சவில்லை. பதினொரு மணிக்குப் பெயார்ன்ஸ்டேல் பக்கமிருந்து ஆசானின் நண்பர் ஒருவர் நாயோடு வந்தார். கம்பிபோல மயிர் உள்ள ஜெர்மன் பொயின்டர். அந்த நாய் மூக்கை நிலத்தில் வைத்து முந்நூறு மீற்றர் நிதானமாகப் போனது. இரண்டு இடத்தில் நின்றது. இரண்டாவது இடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது, மரை படுத்து எழும்பிய இடம். அங்கிருந்து நேரே கீழே, ஆற்றுக்கு. ஆற்றங்கரையில் நாய் மேலும் கீழும் ஓடியது, நின்றது, எங்களைப் பார்த்தது. தண்ணீர் சேற்று நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. கடந்ததா, அள்ளுண்டு போனதா என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு நாள் தேடினேன். இரண்டு கிழமை கழித்து மறுபடியும் போய், காகமும் ஆப்புவால் கழுகும் எங்காவது வட்டமிடுகிறதா என்று மலை மலையாகப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அந்த நடு ஒக்டோபரில் விக்டோரியாவில் வெள்ளம் வந்தது, உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

மற்றவர்கள் போனார்கள். கப் குதிரைப்பந்தய விடுமுறைக்கு ஒரு தடவை, பிறகு நவம்பரிலேயே இன்னொரு தடவை. அவர்களுக்கும் ஒன்றும் அகப்படவில்லை, அது அவர்கள் ராசி. எனக்கு ராசி இருந்தது. காற்று சரியாக இருந்தது, காடு வெறுமையாக இருந்தது, மரை பக்கவாட்டாக வந்து நின்றது. இந்த வருடம் நான் ஒரு மரை சுட்டேன். இறைச்சி ஒரு பிடி கூட வரவில்லை. காட்டில் இரத்தம் கண்டால் அது உன் கணக்கு என்று ஆசான் சொல்வார். இங்கே சட்டம் எண்ணிக்கை வைக்கவில்லை, அவர் வைத்திருக்கிறார். என் கணக்கு ஒன்று, முடிந்தது. அதனால்தான் துவக்கைப் பூட்டினேன். "மலை சலித்துப்போச்சு போல" என்று சிலர் கதைத்தது தப்பு.

இதைப் பெரியண்ணை வீட்டில் சொன்னபோது அங்கிருந்த ஒருவர், உங்களில் ஒருவர்தான், ஆறுதலாகச் சொன்னார்: "ஒரு பெட்டை மரைக்கு இவ்வளவு கவலையோ? கவர்ன்மென்ற் ஹெலிகொப்டரிலை இருந்து அள்ளிச் சுடுறாங்கள், இறைச்சியையும் எடுக்கிறேல்லை." உண்மைதான். 2019–20 காட்டுத்தீக்குப் பிறகு எரிந்த மலைகளில் புதிதாய் முளைப்பதை மான் தின்றுவிடாமலிருக்க வானிலிருந்து சுட்டார்கள். மரை இங்கே சட்டப்படி ஒரு விசித்திரப் பிறவி. ஒரு சட்டம் அதைப் பாதுகாக்கப்பட்ட வேட்டை விலங்கு என்கிறது. இன்னொரு சட்டம் அது சுதேசித் தாவரங்களை அழிக்கும் ஆபத்து என்கிறது. அல்பைன் சேற்று நிலங்களை அது உழுது குழப்பி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த அண்ணைக்கு ஒரு பதில் இருக்கிறது, அன்று வாயில் வரவில்லை. ஹெலிகொப்டர்காரர் மரை குறைய வேண்டும் என்று சுடுகிறார். நான் உங்கள் அம்மாவுக்கு மெல்லிசாய் வெட்டித் தருகிறேன் என்று போனேன். மலையில் மரை கூடிப்போய் நிற்கிறது என்பதால் ஈரலில் சுட்டது நெஞ்சில் சுட்டதாகிவிடாது.

மாமிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மாமி, புரட்டாதிச் சனியில் துவக்குத் தூக்கியதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படியென்றால் எனக்கு வசதி. அடுத்த வருடம் பஞ்சாங்கம் பார்த்துப் போய்விட்டால் சரி. அன்று பாறையில் இருந்தபோது ஆசான் சொன்னது என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைப் பஞ்சாங்கத்தில் எங்கே தேடுவது, சொல்லுங்கள்.

என் அப்பா வன்னியில் இருந்த காலத்தில் மாமா ஒருவர் இடியன் துவக்கோடு காட்டுக்குப் போவார். இடியன் என்றால் குழல் வாயால் மருந்தும் சன்னமும் இடித்து நிரப்புவது. ஒரு தரம் வெடித்தால் மறுபடி நிரப்பும்வரை அது வெறும் தடி. அதனால் கிட்டப் போய், நிச்சயமானால்தான் வெடிப்பார். பல நாள் வெறுங்கையோடு வருவார். அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் வத்தல் இருக்கும் நாளில் அம்மம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவா. இல்லாத நாளில் ஒருவரும் கேட்டு வந்ததாக நினைவில்லை. ஒருவரும் பாத்திரத்தை முன்கூட்டிக் கொடுத்து வைக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் மற்ற எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லவரவில்லை. அந்த மாமாவுக்கு உரிமமும் இல்லை, காடு காவல்காரரைக் கண்டால் ஓட்டம்தான். பாத்திர விஷயம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் பழி போடுவதாக எடுக்காதீர்கள். விசையை இழுத்தது என் விரல். ஆனால் இனிமேல் பெட்டி முன்கூட்டி வேண்டாம். கிடைத்தால் நான் அழைப்பேன். அப்போது பெட்டியோ, சட்டியோ, பொலித்தீன் பையோ, எதையாவது கொண்டு வாருங்கள். பல் இல்லாத அம்மாவுக்கு எப்படி வெட்ட வேண்டும் என்று எனக்கு நினைவிருக்கும். அழைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், கோயிலில் கண்டு கேட்காதீர்கள். தைப்பொங்கலுக்கு வழமைபோல எல்லோரும் வருகிறீர்கள்தானே? ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவிட்டேன். பொங்கலன்று மச்சம் வேண்டாம் என்கிறவர்கள் மறுநாள் வரலாம்.

ஒடியல் மாவும் ஊறுகாயும் தந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊறுகாய் முடிந்துவிட்டது. மாவில் பாதியை ஜூன் பயணத்தில் கூழ் காய்ச்சிக் குடித்தோம், வண்டி மரத்தில் சாய்ந்து நின்ற அன்று. அன்று உயிர் காத்தது அதுதான். கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது, குளிரில் எல்லா இலையையும் கொட்டிவிட்டு இப்போது இரண்டு குருத்து விட்டிருக்கிறது.

பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். டேப்பைப் பிய்க்கவில்லை. சனி, ஞாயிறு பின்னேரம் வீட்டில் இருப்பேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் டேப் உரிந்து விழுந்துவிட்டது, பெயர் தெரியவில்லை. நீல மூடி, ஓரத்தில் சின்ன வெடிப்பு. அது யாருடையது?

அன்புடன்,
டீப் ஃபிரீசர் வீட்டுக்காரன்
டண்டினோங், டிசெம்பர் 2022